முன்கம்பிக்கு ஒரு சக்கரம்

டோரீன் காபியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, முகாமின் வளைவுக்கு அப்பால் ஒரு பிக்கப் வண்டி செருமுவது கேட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது இப்படி இழுத்துப் பிடிக்கிறவன் இந்த ஏரிக்கரை முழுக்க ஆர்வோ ஒருத்தன்தான். கூடவே இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்தச் சத்தம் மறக்குமா? காபிப் பாத்திரத்தை அடுப்பிலேயே வைத்துவிட்டு, படுக்கைக்கு மேலே மாட்டியிருந்த குளிர்காலக் கோட்டை அவசர அவசரமாக மடித்துப் போர்வைக்கு அடியில் திணித்தாள். திணித்த பிறகு, ஒரு கோட்டை ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. வெளியே வந்து டிரெய்லரின் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு மாதிரியான அந்த டிரெய்லர் இருவருக்கும் சொந்தம். விவாகரத்தின்போது வீட்டை ஆர்வோ எடுத்துக்கொண்டான். அவன் அப்பா கட்டிய வீடு அது. காரையும் தையல் மெஷினையும் டோரீன் எடுத்துக்கொண்டாள். டிரெய்லரில் வந்துதான் பேச்சு நின்றது. "வித்துட்டுப் பாதிப் பாதி பிரிச்சுக்கலாமே" என்றார் வக்கீல். அன்று காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த இருவரும் அப்போது ஒரே குரலில் "முடியாது" என்றார்கள். வசந்தமும் கோடையின் முன்பாதியும் அவளுக்கு. ஆகஸ்டிலிருந்து பனி விழும்வரை, கவுதாரி வேட்டைக்காக, அவனுக்கு. பத்து வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது. அவன் வருவான், கொக்கியை மாட்டுவான், தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போவான்.

இந்த வருஷம் செப்டம்பரே முடியப்போகிறது. முதலில் கதவின் கீல் சரியில்லை என்று போனில் சொன்னாள். பிறகு தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டபோது எடுக்கவேயில்லை.

ஆர்வோ வண்டியிலிருந்து இறங்கினான். முன்பைவிடக் கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. கையில் ஒரு சாக்குப் பை.

"கீல் நல்லாத்தானே இருக்கு" என்றான் கதவைப் பார்த்து.

"சரி பண்ணிட்டேன்."

"ம்."

அந்த 'ம்' அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அதற்குள் ஏதோ ஆழம் இருப்பதாக நினைத்தாள். பிற்காலத்தில், சாப்பாட்டு மேசையில் அவனைவிட ரேடியோதான் அதிகம் பேசியது. அவன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண் பின்னால் போகவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். 'இதுக்கெல்லாமா ஒருத்தி பிரிஞ்சு போவா?' என்று ஊரில் கேட்டார்கள். போனாள்.

ஆர்வோ டிரெய்லரின் முன்பக்கம் போய் நின்று பாதையை அளந்தான். டிரெய்லரின் முதுகு ஏரியைப் பார்த்து, சரிவின் மேல் நின்றது. பிக்கப்போடு இணைக்கும் முன்கம்பி, அடியில் ஒரு ஜாக்கிக் காலை ஊன்றி, பாதையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்து இடத்தில் இருந்த கிளைட், கோடை முழுவதும் சும்மா இருக்க முடியாமல் பலகையடித்து ஒரு பெரிய மேடை கட்டியிருந்தார். அது பாதை வரைக்கும் மூக்கை நீட்டிவிட்டது. பிக்கப்பை நேராகப் பின்னால் கொண்டுவந்து கொக்கியைப் பிடிக்க வழியே இல்லை.

"வண்டி உள்ள வராது" என்றாள் டோரீன். குரலில் தன்னை மீறி ஒரு நிம்மதி வந்துவிட்டது. "கிளைட் ஊருக்குப் போறப்பதான் மேடையைப் பிரிப்பாராம். அப்புறம் வாயேன்."

ஆர்வோ சாக்குப் பையை அவிழ்த்தான். உள்ளே ஒரு சக்கரம். அகலமான கறுப்பு ரப்பர், மேலே இரும்புக் கிண்ணம், கிண்ணத்தின் குறுக்கே செருக ஆணி மாதிரி ஒரு பின். கடை அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"ஜாக்கிக் கால்ல மாட்டிக்கலாம். கையாலேயே தள்ளித் திருப்பிடலாம்" என்றான்.

அவள் சக்கரத்தையும் டிரெய்லரின் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேடையிலிருந்து கிளைட் எட்டிப் பார்த்தார். தெற்கே ஒஹாயோவிலிருந்து வந்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்வதே வேலை. "என்ன தலைவரே, சக்கரமா? சரளைக்கல்லுல அது ஓடாது. புதைஞ்சு நிக்கும், பாருங்க."

"பலகை கொண்டுவந்திருக்கேன்" என்றான் ஆர்வோ.

"பலகையா? அப்ப சரி. நான் சொல்ல வந்ததும் அதேதான்."

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வேறு வழியில்லை. இது அவன் முறை, அதுவும் தாமதமான முறை. சண்டை போட அவளிடம் நியாயம் எதுவும் இல்லை. மின்சார வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள், தண்ணீர்க் குழாயைக் கழற்றினாள், கேஸை மூடினாள். இருவரும் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தார்கள். முன்சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். ஆர்வோ ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினான். டிரெய்லரின் பாரம் முனகிக்கொண்டே கட்டைகளின் மேல் இறங்கி உட்கார்ந்தது. ஜாக்கியின் கால் தரையை விட்டு மேலெழும்பியது.

அதுவரை எல்லாம் சுமுகம். காலின் நுனியில் இருந்த தட்டை இரும்புப் பாதம்தான் அசைய மறுத்தது. பத்து வருஷத்து மழையும் பனியும் அதைத் துருவால் ஒட்டவைத்திருந்தன. ஆர்வோ முட்டி போட்டு உட்கார்ந்து சுத்தியலால் தட்டினான். இரண்டு தட்டுக்கு ஒரு தரம் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எந்திரி" என்றாள் டோரீன்.

"முடியும்."

"முடியும்னு எனக்கும் தெரியும். நாளைக்கு எந்திரிக்க முடியுமா? எந்திரி மனுஷா."

அவள் ஒரு பழைய பாயை விரித்து மல்லாந்து படுத்து, தலையை முன்கம்பிக்கு அடியில் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது கிலோ மாவு மூட்டையைத் தூக்கிப் போடுகிற கை அது. எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி. பாதம் கழன்று சரளையில் விழுந்தது.

"அடி, அப்படித்தான்!" என்றார் கிளைட், ஏதோ தானே கழற்றியது போல. இப்போது அவர் மேடையை விட்டு இறங்கி, காபிக் கோப்பையோடு பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

சக்கரத்தின் கிண்ணத்தை ஜாக்கிக் காலில் ஏற்றினாள். ஏறியது. ஆனால் கிண்ணத்தின் ஓட்டையும் காலின் ஓட்டையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவேயில்லை.

"இடதுபக்கம் திருப்பு" என்றான் ஆர்வோ.

"எந்த இடது? உன் இடதா, என் இடதா?"

"ஏரிப் பக்கம்."

"ஏரி என் தலைக்குப் பின்னாடி இருக்கு, ஆர்வோ!"

இதே சண்டையை எத்தனை முகாம்களில், எத்தனை மழையில் போட்டிருக்கிறார்கள். அவன் வண்டியைப் பின்னால் எடுப்பான், அவள் கையை ஆட்டுவாள், கடைசியில் ஒரு மரம் அடி வாங்கும். டோரீன் கிண்ணத்தை மெல்ல நகர்த்தினாள். ஓட்டைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பின்னைச் செருகினாள், அது வெளியே நழுவாமலிருக்க வளையத்தை மடக்கிப் பூட்டினாள். "ஆச்சு" என்றாள்.

அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவள் தலைமுடியில் துரு கொட்டியிருந்தது. தட்டிவிடக் கையை உயர்த்தியவன், யோசித்து, கைப்பிடியைச் சுற்றப் போய்விட்டான்.

சுற்றச் சுற்றச் சக்கரம் பலகையில் பதிந்தது. டிரெய்லரின் மூக்கு கட்டைகளை விட்டு எழும்பியது. ஆனால் சக்கரம் ரொம்பவே அழுந்தி நின்றது.

"முன்னாடி பாரம் அதிகம்" என்றான் ஆர்வோ. "உள்ள என்ன வச்சிருக்கே? தள்ளுற வரைக்கும் பின்னாடி மாத்திடலாம்."

"நான் மாத்துறேன்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் படியேறிக் கதவைத் திறந்துவிட்டான்.

டோரீன் வெளியிலேயே நின்றாள். உள்ளே அவன் காலடி இரண்டு எட்டு வைத்து நின்றது. அவன் என்ன பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சன்னலோரம் தையல் மெஷின். சுவரில் மகன் யூஜினின் பட்டமளிப்புப் படம். மேசைக்கடியில் பனி பூட்ஸ். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டுக் கை. விடுமுறைக்கு வந்தவள் இதையெல்லாம் கொண்டுவர மாட்டாள். இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தவள்தான் கொண்டுவருவாள்.

கிளைட் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி ஆறிடுச்சு, சூடு பண்ணிட்டு வர்றேன்" என்று மேடைக்குப் போனார். கிளைட்டின் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த யோசனை அதுதான்.

ஆர்வோ தையல் மெஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து முகாம் மேசையில் வைத்தான். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"சொல்லிடு" என்றாள் அவள். "என்ன நினைக்கிறியோ சொல்லிடு."

"நீ வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ட்..."

"வித்துட்டாங்க. மே மாசம். வாங்கினவன் சுற்றுலாக்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறான். வேற இடம் பார்த்தேன். ஏரி தெரியற சன்னல் ஒண்ணு இருந்தாப் போதும், கோழிக் கூண்டுக்குக்கூட அரண்மனை வாடகை கேக்குறாங்க." மூச்சு வாங்கினாள். "யூஜின்கிட்ட சொல்லலை. சொன்னா துலூத்துல தன்னோட வந்து இருன்னுவான். என் வேலை இங்க, என் ஆளுங்க இங்க. நான் ஏன் போகணும்? சரி, இது உன் முறை. எடுத்துட்டுப் போ. எனக்கு ஏதாவது வழி கிடைக்கும்."

"தெரியும்" என்றான் ஆர்வோ.

"என்ன தெரியும்? வழி கிடைக்கும்னா?"

"இல்லை. அபார்ட்மென்ட் போனது. ஆகஸ்ட்ல ப்ளூபெர்ரி பறிச்சேன். உனக்குக் கொஞ்சம் குடுக்கலாம்னு போனேன். எவனோ ஒருத்தன் துண்டைக் கட்டிக்கிட்டு வந்து கதவைத் திறந்தான்."

"ஆகஸ்ட்லயே தெரியுமா? நான் கீல், குழாய்னு போன்ல கதை விட்டுக்கிட்டிருந்தப்ப எல்லாம் நீ தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டுக்கிட்டிருந்தே?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

"நான் சொல்லுவேன்னு நீ பார்த்தியா! நீ! இருபத்தாறு வருஷம் நான் பார்த்துக்கிட்டு இருந்தேனே, அதுக்கு என்ன சொல்றே?" கையில் இருந்த எண்ணெய்த் துணியை மேசையில் வீசினாள். "அப்புறம் எதுக்கு இந்தச் சக்கரம்? நான் குடியிருக்கிறது தெரிஞ்சும் இழுத்துட்டுப் போகச் சக்கரம் வாங்கிட்டு வந்தியா?"

ஆர்வோ தன் கைகளைப் பார்த்தான். ஏரியில் ஒரு வாத்துக் கூட்டம் எழுந்து சுற்றி மறுபடி அதே இடத்தில் இறங்கியது.

"ம்" என்றான்.

"இல்லை. 'ம்' எல்லாம் வேண்டாம். இன்னைக்கு முழு வாக்கியமாச் சொல்லு. இல்லேன்னா இந்த வண்டி இங்கேருந்து ஒரு அடி நகராது."

அவன் தொண்டையைச் செருமினான். பிக்கப்பின் அதே சத்தம். "பனி வந்தா இங்க தண்ணியை நிறுத்திடுவாங்க. முகாமை மூடிடுவாங்க. நீ யார்கிட்டயும் கேக்க மாட்டே. எங்கயாவது கடை பின்னாடி கொண்டுபோய் இதை நிறுத்திக்கிட்டு, உள்ளயே இருப்பே. ஜனவரியில இதுக்குள்ள மீன் மாதிரி உறைஞ்சு கிடப்பே." நிறுத்தினான். அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். "மாடி ரூம் சும்மா இருக்கு. யூஜினோட ரூம். பின்வாசல் வழியா தனியா ஏறலாம். கொட்டகையில வண்டியைப் போட்டுடலாம். அங்க பிக்கப் திரும்பாது, தள்ளித்தான் போடணும். அதுக்குத்தான் சக்கரம். உனக்காவும்தான். வசந்தம் வந்ததும் நீயே தள்ளி வெளிய எடுத்துக்கலாம். என்னைக் கேக்க வேண்டாம்."

கல்யாண நாளில்கூட அவன் இவ்வளவு பேசியதில்லை. பேசி முடித்துவிட்டு, ஓடிவந்தவன் போல மூச்சு விட்டான்.

டோரீன் எதிரில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. களைப்புதான் வந்தது, மே மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த களைப்பு. பக்கத்து அடுப்பங்கரையிலிருந்து பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வந்தது.

"அந்த வீட்டை விட்டுப் போறதுக்கு எனக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"வாடகை குடுப்பேன்."

"குடு."

"உனக்குச் சமைக்க மாட்டேன். நாள் பூரா முந்நூறு பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போட்டுட்டு வர்றேன்."

"நானே சமைக்கிறேன். பத்து வருஷமா உயிரோடதானே இருக்கேன்."

"அப்புறம், காலையில மேசையில நீ பேசணும். வானிலையைப் பத்தியாவது. ரேடியோ கிடையாது."

இதற்குத்தான் அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது. "தினமுமா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமை லீவு குடு."

டோரீன் சிரித்துவிட்டாள். துரு கொட்டிய தலையோடு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் கிளைட், சூடான காபியோடும் தட்டு நிறைய வறுத்த இறைச்சியோடும், உள்ளே ஒளிந்திருந்தவர் போல ஓடிவந்தார். "சமாதானமா? தள்ளலாமா?"

சாப்பிட்டுவிட்டுத்தான் தள்ளினார்கள். புத்தகப் பெட்டி, இரும்புச் சட்டிகள் எல்லாம் பின்படுக்கைக்கு மாறின. மூக்கு இலேசானது. டோரீன் திட்டம் சொன்னாள்: மேடைப் பக்கச் சக்கரத்தின் கட்டை இருக்கட்டும், மறுபக்கக் கட்டையை மட்டும் எடுக்க வேண்டும். வண்டி ஒரே இடத்தில் நின்று, கதவு திரும்புவதுபோல் திரும்பும். ஆர்வோவும் அவளும் முன்கம்பியைப் பிடித்தார்கள்.

"எடுங்க" என்றாள் கிளைட்டிடம்.

கிளைட் ஆர்வக் கோளாறில் ஒரு பக்கத்துக் கட்டையை எடுத்தார். எடுத்த சூட்டிலேயே மறுபக்கம் ஓடிப்போய் அதையும் எடுத்துவிட்டார்.

டிரெய்லர் ஒரு பெருமூச்சு விட்டுப் பின்னால் நகர்ந்தது. சரிவு. பின்னால் ஒரு பூர்ச்ச மரம், அதற்குப் பின்னால் ஏரி. சின்னச் சக்கரம் பலகையில் கடகடவென்று உருண்டது. ஆர்வோ கம்பியைப் பிடித்துக் குதிகாலை ஊன்றினான். சரளையில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே அவனும் கூடப் போனான்.

"விடு ஆர்வோ! முதுகு போயிடும், விடு!"

அவன் விடவில்லை. டோரீன் கம்பியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடினாள். கிளைட்டின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, உருளும் சக்கரத்துக்குப் பின்னால் எறிந்து, செருப்புக் காலால் உள்ளே உதைத்துத் தள்ளினாள். சக்கரம் கட்டையின் மேல் பாதி ஏறி, தயங்கி, இறங்கி நின்றது. பின்பக்க விளக்கு பூர்ச்ச மரத்தை முத்தமிடாத குறை.



"ரெண்டையும் எடுக்கச் சொன்னீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றார் கிளைட், வெளுத்த முகத்தோடு.

"பரவாயில்லை கிளைட். இனிமே நீங்க யோசனை மட்டும் சொல்லுங்க. கட்டையைத் தொடாதீங்க." பிறகு ஆர்வோவிடம் திரும்பினாள். "விடுன்னா விட வேண்டியதுதானே?"

"உன் வீடு உள்ள இருக்கே" என்றான் அவன், இன்னும் கம்பியை விடாமல்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டாள்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தார்கள். ஒரு பலகை முடியும் இடத்தில் அடுத்த பலகை. வண்டியின் மூக்கு சொன்னபடி கேட்டு, மேடையைத் தாண்டி, வளைந்து, பாதையைப் பார்த்து நின்றது. ஆர்வோ பிக்கப்பைப் பின்னால் எடுத்தான். டோரீன் கையை ஆட்டினாள். எந்த மரமும் அடி வாங்கவில்லை. கொக்கியின் வாய் பிக்கப்பின் பின்னால் இருந்த இரும்பு உருண்டையைக் கவ்வியது. சங்கிலிகளைக் குறுக்கே மாட்டினாள். சாமான்களை மறுபடி முன்னால் கொண்டுபோய் வைத்தாள். பின்பாரத்தோடு நெடுஞ்சாலையில் போனால் வண்டி வாலை ஆட்டும். கடைசியாகக் குனிந்து, ஜாக்கியை மேலே ஏற்றி, பின்னை உருவினாள். சக்கரம் அவள் கையில் கனமாக, சுலபமாக வந்து விழுந்தது. அதைத் துணியால் துடைத்துத் தன் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டாள். ஆர்வோ பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்த மௌனம் அவளை உறுத்தவில்லை.

கிளைட் விடைகொடுக்கும்போது, கட்டையை எடுத்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றக் கையை ஆட்டினார்.

மத்தியானத்துக்குள் வீடு வந்தது. கொட்டகையில் வண்டியைத் தள்ளி நிறுத்த அவ்வளவு பாடில்லை, தரை சிமெண்ட். ஆர்வோ நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு விறகு போடப் போனான். டோரீன் பின்படி ஏறி மாடி அறையைத் திறந்தாள். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது, மடிப்புக் கோடு போகாமல். எப்போது வாங்கினான் என்று கேட்கக்கூடாது என்று முடிவு செய்தாள். சன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சாய்ந்து, இருட்டும்வரை தூங்கிப்போனாள்.

மறுவாரம் யூஜின் துலூத்திலிருந்து போன் செய்தான். யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

"அம்மா, நிஜமா? நீங்க ரெண்டு பேரும் மறுபடியும் சேர்ந்துட்டீங்களா?"

டோரீன் சமையலறை மேசையில் இருந்தாள். எதிரே ஆர்வோ ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டு, வடகாற்று அடிக்கப்போவதைப் பற்றியும், வடகாற்று அடித்தால் கவுதாரி எங்கே ஒதுங்கும் என்பதைப் பற்றியும், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் இல்லடா" என்றாள். "குளிர்காலம் வருது, அவ்வளவுதான். இரு, அப்பா ஏதோ பேசிட்டிருக்கார். முடிக்கட்டும், அப்புறம் கூப்பிடுறேன்."